மறுகால் பாய்ந்தால் அடுத்த ஊருக்கு

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காட்டுப் பக்கம் முதல் விசாரிப்பே "குளம் பெருகிட்டா?" என்பதுதான். சித்திரையில் போய்ப் பாருங்கள், அதே குளத்துக்குள் ஆடு மேயும், டிராக்டர் வண்டல் ஏற்றும். வற்றினாலும் சும்மா கிடப்பதில்லை.

மேற்கே மலை, கிழக்கே தாழ்வு. அதனால் தாழ்ந்த பக்கம் மட்டும் பிறைபோல மண்கரை எழுப்பினால் போதும். மேட்டுப் பக்கத்தைத் தரையே பார்த்துக்கொள்ளும். கரையின் அடியில் புதைந்த கல்வாய்க்கால்தான் மடை. பழைய மடைகளில் நீருக்குள் இரண்டு கல்தூண் நிற்கும், குறுக்கே துளையிட்ட பலகைக்கல். துளை வழியே இறங்கும் கம்பின் நுனியில் ஒரு மர அடைப்பான். பாசனம் பார்க்கும் நீர்க்கட்டி முங்கிப்போய் அதைத் தூக்கினால் கீழே வயலுக்குத் தண்ணீர் ஓடும். இப்போது பெரும்பாலும் திருகு ஷட்டர்தான். முங்கத் தெரிந்தவர் தேவையில்லை.

மடை உள்ளூர் விவகாரம். மறுகால் அப்படியல்ல. நிறைந்த குளம் கரையை உடைத்துவிடாமல் மிச்சநீரை வெளியே விடும் கல்தளம் அது. அந்த நீர்தான் அடுத்த குளத்துக்கு வரவு. தளத்தின்மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பார்கள். மழை ஓயும் நேரம் பார்த்து, அவற்றின் இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால் இன்னும் கொஞ்சம் நீர் தேங்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் சண்டை. அடைத்தால் கீழூர்க் குளம் காயும், மேற்கே நீர்ப்பிடிப்பை ஒட்டிய வயல் முங்கும். என்னைக் கேட்டால், குளத்தின் மிக நுட்பமான உறுப்பு இந்தக் குத்துக்கல்தான். அதன் உயரம் ஊர்களுக்கு இடையிலான ஒப்பந்தம்.

களக்காட்டுக்கு அருகே கட்டிய வடக்குப் பச்சையாறு அணையும் இந்தக் குளச் சங்கிலியில்தான் சேர்ந்தது. 50 அடி அணை. திறக்கும் நீர் மடத்துக்கால், நாங்குநேரியான்கால் வழியே முதலில் குளங்களுக்குப் போகிறது. வயலுக்கு மடை வழிதான். மழை பொய்த்த ஆண்டில் அணையும் குளத்தோடு சேர்ந்து வற்றும்.

கிழக்கே கூந்தன்குளம் வேறு ஆயக்கட்டு, மணிமுத்தாற்றுத் தண்ணீர். 1994-இல் பறவைகள் சரணாலயமான குளம் அது. ஊருக்குள் மரத்திலேயே பறவைகள் கூடு கட்டும் என்பதால் தீபாவளிக்கு வெடி கிடையாது. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். கால்வாயில் தண்ணீர் வராத ஆண்டில் பறவையும் வராது, பிசான நெல்லும் கிடையாது.