வேம்பின் நிழலில் மரல்

நம் கல்லூரித் தோட்டத்தில் வேப்பமரத்தடி ஒரு நீங்காத் தொல்லை. ஐப்பசி மழையை நம்பி அங்கே குரோட்டன் செடிகளை நடுகின்றோம். சித்திரை பிறக்குமுன் அவை கருகிவிடுகின்றன. மதுரைக்கு ஆண்டொன்றில் வாய்ப்பது ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழையே. கோடையிற் குடத்து நீரால் உயிர்தாங்கும் செடி, வேம்பின் வேர்களோடு போராடி வெல்வது அரிது. நீரும் வீண், உழைப்பும் வீண்.

அவ்விடத்திற்கேற்ற செடி நம் நாட்டிலேயே உண்டு. அது மருள், பழந்தமிழர் மரல் என்றனர். மாரி வறந்த காட்டில் மரையா இதனைத் தின்பதைக் கலித்தொகையின் பாலைப் பகுதி கூறுகின்றது. இதன் நார் வில்லுக்கு நாணாயிற்று. சோழமண்டலக் கரைச் செடிகளை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க்கின் பெயரை 1829-இல் இதற்குச் சூட்டினர். நாற்றுப் பண்ணைகளில் விற்கும் மஞ்சள் விளிம்புச் செடி இதன் மேற்காப்பிரிக்க உறவே. நம் மரலோ குட்டையானது, கரும்பச்சைக் குறுக்குவரிகள் உடையது. அழகில் நம்முடையது தாழ்ந்ததன்று என்பது எம் துணிபு.

இது வறட்சியைத் தாங்குவது எவ்வாறு? பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை ஏற்கும். அவ்வழியே நீரும் ஆவியாகும். மரலோ குளிர்ந்த இரவில் துளை திறந்து, ஏற்ற வாயுவை அமிலமாகச் சேமித்துப் பகலொளியில் உணவாக்கும். தடித்த இலையும் மண்ணடிக் கிழங்கும் நீரைக் காக்கும். ஆதலின் இதற்குப் பகை வெயிலன்று, நம் பூவாளியே. நீர் தேங்கினால் அடி அழுகி, இலை மஞ்சளித்துச் சாயும்.

புரட்டாசியில், முளையோடு கூடிய கிழங்குத் துண்டுகளை இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, இருவிரல் ஆழத்தில், சாணுக்கொன்றாக நடுக. செம்மண்ணாயின் வேறொன்றும் வேண்டா. திருமங்கலத்துப் பக்கத்துக் கரிசலாயின் மணல் கலந்து மேடாக்குக. முதலிரு மாதம், மழையில்லாதபோது மட்டும் பதினைந்து நாட்களுக்கொரு முறை நீர் போதும். பின்னர்க் கடுங்கோடையில் இலை சுருங்கினாலன்றி ஊற்றவேண்டா. இலைத்துண்டிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் அடிப்புறம் கீழாக நட்டாலன்றி வேர்விடாது, பல திங்களும் ஆகும். கிழங்கே எளிது. அதனையும் குன்றுச் சரிவுகளிற் பெயர்க்காது, வளர்ப்போரிடம் கேட்டுப் பெறுக.

அடர்நிழலில் மரல் தழைக்கும், ஆயின் பூப்பது அரிது. இதன் வெண்பூக்கள் இரவில் மலர்ந்து மணப்பவை. அவற்றை விரும்புவோர் காலை வெயில் சிறிது விழும் நிழலோரத்திற் சில கிழங்குகளை நடுவாராக.