சிவனொளிபாதத்திற்கு ஒரு பகற் பயணம்

இலங்கையில் மலைகள் பல உள. ஆயினும் மக்கள் மனத்தில் சிவனொளிபாத மலை பெற்றுள்ள இடத்தை வேறெந்த மலையும் பெற்றதில்லை. இதன் உயரம் 2,243 மீற்றர், அதாவது 7,359 அடி. உச்சியிலுள்ள பாதச் சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்பர்; பௌத்தர் புத்தர்பிரானுடையது என்பர்; இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதி பிதாவாகிய ஆதாமோடு இணைத்துப் பேசுவர்.

டிசெம்பர் மாதப் பௌர்ணமி தொடக்கம் மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலமாகும். பெரும்பாலோர் இரவிலே ஏறி, உச்சியில் சூரியோதயத்தைத் தரிசித்து இறங்குவர். அவ்வேளையில் மலையின் நிழல் முக்கோண வடிவாய் மேற்கே விழும். அந்த அரிய காட்சியைத் துறந்து, நாமும் எமது இல்லத்தரசியும் பகலில் ஏறத் தீர்மானித்தோம். ஐம்பதைக் கடந்த கால்களுக்குப் படி கண்ணில் தெரிதல் வேண்டுமல்லவா?

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்தோம். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரின் பெயரே தமிழ்ப் பெயர். அங்கிருந்து உச்சிவரை ஏறத்தாழ 5,500 படிகள்; செங்குத்தாகக் கணக்கிட்டால் சுமார் 1,000 மீற்றர் ஏற்றம். காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். பிற்பகல் ஒரு மணிக்குள் உச்சியை அடையாவிடின், நின்ற இடத்திலிருந்தே திரும்புவது என முன்னரே பேசி வைத்திருந்தோம்.

சீதகங்குல ஓடையில் முகம் கழுவும்வரை வழி இனிதாகவே இருந்தது. அதன் மேல் படிகள் செங்குத்தாயின. உச்சி கண்ணுக்குத் தெரியும் ஓரிடத்தில் எமது மனைவியார் அமர்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது, முழங்கால் நடுங்கியது.

“நீங்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்” என்றார்.

மணி பத்தரை. உச்சியோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தோன்றியது. தனியே ஏறுவதற்கு ஆசை இல்லாமற் போகவில்லை. எனினும், மேலே எதைக் கண்டாலும் அதை அருகில் நின்று காண அவர் இல்லையே என்ற எண்ணம் எம்மை அங்கேயே இருத்தியது. பக்கத்துக் கடையில் இஞ்சி போட்ட தேநீர் வாங்கிப் பருகினோம். அப்போது கோலூன்றி இறங்கி வந்த சிங்கள மூதாட்டி ஒருவர் எம்மைப் பார்த்து, “கருணாவய்” என்று கூறிக் கடந்து சென்றார். யாத்திரிகர் ஒருவருக்கொருவர் கூறும் வாழ்த்து அது. அச்சொல் செய்த மாயமோ, தேநீர் செய்த மாயமோ, இல்லத்தரசியார் எழுந்தார்.

“இருபது படி ஏறுவோம், பிறகு நிற்போம்” என்றார்.

அவ்வாறே ஏறினோம். 1344ஆம் ஆண்டில் இம்மலை ஏறிய இபுனு பதூதா, யாத்திரிகர் பற்றி ஏறிய இரும்புச் சங்கிலிகளைக் குறித்து எழுதியுள்ளார். இன்று கைப்பிடிக் கம்பிகள் உள்ளன. ஒரு கை கம்பியையும் மறு கை எமது தோளையும் பற்ற, பன்னிரண்டே காலுக்கு அவர் உச்சியை மிதித்தார். எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். இருவரும் ஒவ்வொரு முறை அடித்தோம்.

இறக்கம் எளிதென்று எவரும் எண்ணற்க. இறங்கும்போது தொடைத் தசைகள் உடற் பாரத்தைத் தாங்கியவாறே நீளுகின்றன. ஆதலால் வலி அன்றைக்கன்றி மறுநாளும் அதற்கு அடுத்த நாளுமே மிகும். கோலொன்று கைவசம் இருப்பின் முழங்கால் தப்பும்.

இம்மலைக்குச் செல்ல விரும்பும் தம்பதிகளுக்கு நாம் கூறக்கூடியது இதுவே: நீரும் குளிராடையும் கொண்டு செல்லுங்கள், கொண்டுசென்ற பொலித்தீனைத் திரும்பக் கொண்டு வாருங்கள், திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே வகுத்துக்கொள்ளுங்கள். இருவரில் மெல்ல நடப்பவரை முன்னே விடுங்கள். வேகமாக நடப்பவர் பின்னே செல்லட்டும்.