சின்னக் கோளாறை மறைக்காதவர்கள்



காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்பவர்களில் பலர் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பனிமூட்டம் விலகும் காலை வேளையில் மலையிடுக்கிலிருந்து ஓர் இரைச்சல் கேட்கும். கொழுந்து பறிக்கும் கைகள் ஒரு கணம் நிற்கும். எட்டுப் பேரளவில் ஏறக்கூடிய சின்ன விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கும். 2013இல் சேவையைத் தொடங்கிய 'சினமன் எயார்' நிறுவனம் உல்லாசப் பயணிகளை இப்படித்தான் ஹட்டன் பக்கம் கொண்டுவந்து இறக்கியது.

ஒருமுறை கரையில் நின்ற சிறுமி ஒருத்தி தன் பாட்டியிடம், "அம்மாயி, அது முங்கிறாதா?" என்று கேட்டாள். "தும்பி தண்ணியில ஒக்காந்தா முங்கிருமாடி?" என்றார் பாட்டி. அருகில் நின்ற எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிறுமியின் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. ஒரே ஓர் எஞ்சின், ஒரே ஒரு விசிறி. நடுவானில் ஏதாவது கோளாறு என்றால் என்ன செய்வார்கள்?

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஓர் உண்மை புரிந்தது. சின்ன விமானங்களில் கோளாறு வருவது அதிசயமல்ல. அதை மறைக்கிறார்களா, வெளியே சொல்கிறார்களா என்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது. நமக்கும் இது பயன்படும் என்பதால் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சட்டைத் துணியால் ஒட்டுப் போட்ட இறக்கை

ஏமி ஜோன்சன் 1903இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஒரு மீன் வியாபாரியின் மகளாகப் பிறந்தவர். லண்டனில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே விமானம் ஓட்டக் கற்றார். ஓட்டினால் மட்டும் போதாது என்று எண்ணெய்க் கறையோடு எஞ்சின் பழுதுபார்க்கவும் கற்று, 1929இல் அதற்கும் உரிமம் பெற்றார். தந்தையின் உதவியோடும் ஒரு செல்வந்தரின் உதவியோடும், ஒருவர் கைமாறிய 'ஜிப்சி மோத்' விமானத்தைச் சொந்தமாக வாங்கினார். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம் அது. அதற்கு 'ஜேசன்' என்று பெயர் வைத்தார்.

1930 மே 5ஆம் திகதி அதில் தன்னந்தனியாக அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். அதற்கு முன் அவர் பறந்த மிக நீண்ட பயணம் லண்டனிலிருந்து தன் ஊரான ஹல்லுக்குப் போனதுதான். போகவேண்டிய தூரமோ ஏறக்குறைய 18,000 கிலோமீற்றர்.

வழியெல்லாம் சின்னச் சின்ன விபத்துகள். பக்தாத் அருகே மணற்புயலில் சிக்கிப் பாலைவனத்தில் இறங்கினார். இந்தியாவில் எரிபொருள் குறைந்து, ஜான்சியில் இராணுவத்தினரின் அணிவகுப்புத் திடலில் இறங்கியபோது இறக்கை ஒரு கம்பத்தில் மோதியது. பர்மாவில் ரங்கூன் அருகே இறங்கவேண்டிய திடல் என்று எண்ணி வேறொரு விளையாட்டுத் திடலில் இறங்க, விமானம் ஒரு வாய்க்காலுக்குள் போய்விட்டது. விசிறி உடைந்தது. இறக்கையும் கிழிந்தது.

அவர் வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்கவில்லை. தவறாக இறங்கிவிட்டேன், உதவுங்கள் என்று கேட்டார். அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியினர் திரண்டு வந்தார்கள். முதலாம் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணி அந்த ஊரில் சட்டைகளாகத் தைக்கப்பட்டிருந்ததாம். அந்தச் சட்டைகளைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டார்கள். விசிறிக்கு மாற்று ஏற்கனவே தயாராக இருந்தது. இப்படி ஒன்று நடக்கலாம் என்று எண்ணி, புறப்படும்போதே ஒரு விசிறியை விமானத்தின் பக்கத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்தார் ஏமி.

பிறகு ஜாவாத் தீவில் ஒரு சீனித் தொழிற்சாலையின் பக்கத்தில் இறங்கியபோது மூங்கில் முளைகள் இறக்கையைக் குத்திக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை அந்த ஓட்டைகளுக்கு ஒட்டிக்கொண்டு பறந்தார். மே 24ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து அங்கே தனியாகப் பறந்த முதற் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அந்த விமானத்தை இன்றும் லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பிளக் கொடுத்த போட்டியாளர்

அதே 1930இல் இன்னொரு சம்பவம். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் ஒரு பரிசு அறிவித்திருந்தார். ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். இளைஞரான ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் டாட்டா இறங்கியபோது, பிளக் கோளாறால் ஆஸ்பி அங்கே மாட்டிக்கொண்டு நின்றார். நிலைமையைச் சொன்னதும் டாட்டா தன்னிடமிருந்த மாற்றுப் பிளக்கை எடுத்துக் கொடுத்தார். போட்டியில் வென்றவர் ஆஸ்பி! பின்னாளில் அவர் இந்திய விமானப் படையின் தளபதியானார். டாட்டா 1932இல் இந்தியாவில் ஒரு விமானத் தபால் சேவையைத் தொடங்கினார்.

போட்டியாளரிடம் போய் என் எஞ்சினில் கோளாறு என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? ஆஸ்பி சொன்னார், பிழைத்தார்.

மலைக்கு வரும் விமானி

நம் நாட்டிலும் சின்ன விமானங்களின் கதை பழையது. 1935 நவம்பரில் இரத்மலானையில் முதன்முதலில் இறங்கியது, சென்னை பறக்கும் கழகத்தின் பயிற்சியாளர் ஓட்டி வந்த 'புஸ் மோத்' என்ற சின்ன விமானம்தான். பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924 - 2010) தானே வடிவமைத்த சின்ன விமானங்களில் தானே ஏறிப் பறந்தவர். சரிவான நிலத்தில் மண் அரித்துப் போகாமல் பயிர் செய்யும் முறைகளையும் நமக்கு எடுத்துச் சொன்னவர். தன் கையால் கட்டிய விமானத்தில் ஏறுபவர் தன் வேலையில் உள்ள குறையைத் தனக்கே மறைக்க முடியுமா?

நம் மலைகள் விமானிகளுக்குச் சோதனையான இடம். காலையில் தெளிந்திருக்கும் வானம் மதியத்துக்குப் பின் மூடிக்கொள்வதை நாம் தினமும் காண்கிறோம். மலையின் ஒரு பக்கம் ஏறிய காற்று மறுபக்கம் சரிந்து விழும்போது விமானத்தையும் சேர்த்துக் கீழே இழுக்கும். ஆகவே மலைமுகட்டை நேருக்கு நேராக நெருங்காமல் சாய்வாக நெருங்கவேண்டும் என்று விமானிகளுக்குக் கற்பிக்கிறார்கள். அப்போதுதான் காற்று இழுத்தால் சட்டென்று திரும்பிவிடலாம். திரும்பி வரும் வழியை வைத்துக்கொண்டே முன்னே போகவேண்டும் என்பது அவர்களின் பாலபாடம்.

ஈரக் காற்றிலும் ஓர் ஆபத்து உண்டு. பெற்றோல் எஞ்சின் பூட்டிய சின்ன விமானங்களில், காற்றும் பெற்றோலும் கலக்கும் காபரேட்டருக்குள் குளிர் கூடி ஐஸ் படியும். வெளியே 20 பாகை வெப்பம் இருந்தாலும் இது நடக்கும். முதலில் எஞ்சின் சற்றே இளைக்கும், பிறகு இருமும். அந்த முதல் இளைப்பிலேயே, சூடான காற்றை உள்ளே விடும் பிடியை விமானி இழுக்கவேண்டும். ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று காத்திருந்தால் எஞ்சினே நின்றுபோகலாம்.

ஒரே வாரத்தில் இரண்டு மலைகள்

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவை மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ் பகுதியின் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த பெரிய விமானம் ஒன்று ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டார்கள். கட்டுநாயக்கவுக்கு இன்னும் ஏறக்குறைய 70 கிலோமீற்றர் இருக்க, நெருங்கிவிட்டோம் என்று எண்ணி விமானத்தைத் தாழ்த்தியதே காரணம்.

இதற்கு மூன்று நாட்களுக்கு முன், டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலும் ஒரு பயணிகள் விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். இறங்குவதற்குக் கிடைத்த அனுமதியை விமானிகள் தவறாக விளங்கிக்கொண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே போய்விட்டார்கள். விசாரணையில் நெஞ்சைச் சுடும் ஓர் உண்மை வெளிவந்தது. ஆறு வாரங்களுக்கு முன் இன்னொரு நிறுவனத்தின் விமானமும் அதே இடத்தில், அதே தவறைச் செய்து, மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் தவறை மறைக்காமல் தங்கள் நிறுவனத்துக்குச் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகள் எல்லோரையும் எச்சரித்தது. ஆனால் அந்தச் செய்தி மற்ற நிறுவனங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அந்தச் செய்தி பரவியிருந்தால் 92 பேர் வீடு திரும்பியிருக்கக்கூடும்.

இந்தப் பாடத்தின் பயனாக 1976இல் அமெரிக்காவில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. விமானிகள் தங்கள் தவறுகளையும் தப்பிய ஆபத்துகளையும் எழுதி அனுப்பலாம். தண்டிக்கும் அதிகாரமுள்ள திணைக்களத்திடம் அல்ல, விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான நாசாவிடம் அனுப்பவேண்டும். அவர்கள் பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எல்லோருக்கும் வெளியிடுகிறார்கள். சின்ன விமானம் வைத்திருப்பவர் முதல் பெரிய விமானம் ஓட்டுபவர் வரை இதற்கு எழுதுகிறார்கள். திட்டு விழாது என்று தெரிந்தால்தானே மனிதர் வாய் திறப்பார்?

நம் வீட்டில், நம் மலையில்

விமானத்தை விட்டு இப்போது நம் லயத்துக்கு வருவோம்.

மாசமாக இருக்கும் சகோதரி ஒருத்திக்குத் தலை பிளக்கிறது, கண் மங்குகிறது, முகமும் கையும் வீங்குகின்றன. ஆனால் "இன்னைக்கு மலைக்குப் போகலேன்னா பேர் விழாதே" என்று யாரிடமும் சொல்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். இது எஞ்சினின் முதல் இளைப்பு அல்லவா? தீட்டுப் பட்டாலும், வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைந்தாலும், அன்றைக்கே மருத்துவமாதுவிடமோ வைத்தியரிடமோ சொல்லவேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

வீட்டுச் சுவரில் புதிதாக ஒரு வெடிப்பு. கதவு திடீரென்று இறுகுகிறது. மேட்டில் உள்ள மரம் சாய்கிறது. ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறது. இவை மலை நமக்கு அனுப்பும் செய்திகள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதே, அது முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம். எச்சரிக்கை கொடுத்தால் மட்டும் போதாது. அது ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேரவேண்டும். எழுந்து போக அந்தக் குடும்பங்களுக்கு ஓர் இடமும் இருக்கவேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் எல்லோருடைய பொறுப்பு.

பிள்ளைகள் விஷயத்திலும் இதுவே. வழியில் யாரோ ஒருவர் தவறாக நடந்துகொண்டார் என்று மகள் சொல்ல வரும்போது, "நீ ஏன் அந்தப் பக்கம் போனே?" என்று முதற் கேள்வியிலேயே வாயை அடைத்துவிட்டால், அடுத்த முறை அவள் சொல்லவே மாட்டாள். மகன் உடைத்த பொருளுக்கு அடி விழுந்தால், நாளை அவன் அடிபட்ட காலையும் மறைப்பான். கோபத்தை அடக்கிக்கொண்டு முழுவதையும் கேளுங்கள். கண்டிப்பதற்குப் பிறகு நேரமிருக்கிறது.

தாய்மார் சங்கக் கூட்டங்களில் ஐந்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்கினால் என்ன? இந்த மாதம் எனக்கு நடக்கவிருந்து தப்பியது என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்லட்டும். அடுப்பங்கரையில் சேலை பற்றப் போனது, கவ்வாத்துக் கத்தி வழுக்கியது, மழையில் படிக்கட்டில் சறுக்கியது என்று எதுவாகவும் இருக்கலாம். யாரும் சிரிக்கக்கூடாது, யாரும் குறை சொல்லக்கூடாது. இந்த இரண்டு சட்டம் போதும்.

காசல்ரீக் கரையில் நின்ற அந்தச் சிறுமிக்கு இன்று நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: அது முங்காது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது, கண்ணே. ஆனால் அதை ஓட்டுகிறவர் சின்ன இருமலையும் கேட்கப் பழகியவர். முன்னால் மேகம் மூடினால் வெட்கப்படாமல் திரும்பி வரவும் தெரிந்தவர். நீயும் அப்படிப் பழகிக்கொள்.