பட்டினியால் மட்டும் பன்றி இளைப்பதில்லை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கோடையில் ஒரு வெண்பன்றி தீனியில் வாய்வைக்காவிட்டால், பழி முதலில் வெயில் மேல்தான் விழும். அது நியாயமே. பன்றிக்கு வியர்த்து ஆறும் வசதி இல்லை. உடம்பு கொதித்தால் அது முதலில் குறைப்பது தீனியைத்தான். வைரஸ் தொற்றிலும் இதே அறிகுறிதான். இரண்டையும் 'தின்னவில்லை, இளைத்தது' என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். அந்தக் கணக்கு தவறு. வெறும் பட்டினி என்றால் பன்றி முதலில் கொழுப்பைக் கரைத்துத் தசையைக் காக்கும். வெயிலில் தவிக்கும் பன்றி, தின்னாதபோதும் கொழுப்பை அவ்வளவாகக் கரைப்பதில்லை. தொற்று கண்ட பன்றியோ தசையையே கரைக்கிறது.

காரணம், நோய் எதிர்ப்புக்கு ஆகும் செலவு. காய்ச்சல் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் உடம்பு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக எரிக்கிறது. விழித்துக்கொண்ட எதிர்ப்பணுக்கள் குளுக்கோஸை வாரி விழுங்குகின்றன. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வளரும் பன்றியில் இதற்கு மட்டும் எட்டு மணி நேரத்தில் சுமார் 116 கிராம் குளுக்கோஸ் செலவானது. அங்கே எதிர்ப்பைத் தூண்டியது பாக்டீரியா நச்சு, வைரஸ் இல்லை. ஆனால் விழித்த எதிர்ப்பணுவின் பசி இரண்டிலும் ஒரே வகைதான். கல்லீரல் அவசரமாகச் செய்யும் புரதங்களுக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் தசையில் குறைவு. எனவே கொஞ்சம் புரதம் செய்ய நிறையத் தசை உடைகிறது. இத்தனைக்கும் நடுவே, தொற்றிய செல்லின் சர்க்கரையையும் கொழுப்பையும் வைரஸ் தன் பெருக்கத்துக்குத் திருப்பிக்கொள்கிறது.

'நல்ல தீனி போட்டால் தேறிவிடாதா?' என்பார்கள். தின்னும் ஆசையை அடக்குவதும் எதிர்ப்பணுக்களின் சமிக்ஞைதான். தட்டில் கூட்டிக் கொட்டுவதால் தசை திரும்பாது. 'இந்தக் காய்ந்த மண்ணில் வைரஸ் பிழைக்குமா?' என்பது அடுத்த கேள்வி. வெயில் திறந்த தரையைத்தான் சுடும். இறைச்சிக்குள் இருக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸை அது தொடாது. 2020-இல் அசாமில் உறுதியான அந்நோய், 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடம் வந்துவிட்டது. இங்கே சீமைக்கருவேலப் புதர்களில் தங்கி மக்காச்சோளத்தை மேயும் பன்றிகளும் அதே இனம்தான். இந்நோய் மனிதரைத் தொற்றாது என்பது உண்மை. வளர்ப்பவரின் முதலீட்டைக் காப்பாற்ற அது போதாது. வேறொரு வைரஸால் வரும் சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு இந்தியாவில் இல்லை. எனவே இறைச்சி கலந்திருக்கக்கூடிய ஹோட்டல் மிச்சத்தை 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறி வேகவைத்த பின்பே போடுங்கள். காய்ச்சல் கண்ட பன்றியை அவசரமாக விற்காமல், தனியே அடைத்து, கால்நடை உதவி எண்ணான 1962-க்குப் பேசுங்கள்.