உஷார்! இங்கினியாகலைப் பக்கம் மான் வேட்டைக்கா?

பெருநாள் லீவு நெருங்கினால் கல்முனைப் பக்கத்துப் பொடியன்மார் சிலரின் பேச்சு மேற்கே திரும்பிவிடுகிறது. நாலு பேர், இரண்டு மோட்டார் சைக்கிள், யாரிடமோ இரவல் வாங்கிய ஒரு துவக்கு. சம்மாந்துறை தாண்டி அம்பாறை, அங்கிருந்து இங்கினியாகலை. இரவு மலையடிவாரத்தில் காத்திருந்து, மரையோ மானோ விழுந்தால் விடியமுன் ஊர் திரும்பிப் பெரியநீலாவணை. பேசும்போது இலேசாகத்தான் இருக்கும். போகாதீர்கள் தம்பிமாரே!

கைபேசியில் பார்க்கும் அமெரிக்க வீடியோக்கள் இந்த ஆசையைக் கிளப்புகின்றன. கொலராடோ மலைகளில் அரச காட்டுக்குள் எல்க் மானைத் தேடிப் போகிறவர் அனுமதிச்சீட்டு எடுத்திருப்பார். எந்தப் பருவம், எந்தப் பகுதி என்று அரசு வரையறுத்திருக்கும். துவக்கு வேட்டை என்றால் இன்னொருவர் கண்ணில் படுவதற்காகப் பளிச்சென்ற உடுப்பும் போட்டாக வேண்டும். நம் நாட்டில் புள்ளிமானுக்கும் மரைக்கும் அப்படியொரு வேட்டைச் சீட்டே கிடையாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இரண்டையும் காக்கின்றன. சுட்டால் குற்றம். இறைச்சியை வைத்திருந்தாலும் விற்றாலும் குற்றம். பெர்மிட் இல்லாத துவக்கென்றால் அது தனி வழக்கு. ஓ.எல். முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைக்கு, பொலிஸ் அறிக்கையில் இப்படி ஒரு வழக்கு ஏறினால் என்ன ஆகும் என்று வாப்பாமார் யோசியுங்கள்.

வழக்கை விடப் பெரிய பயம் எனக்குக் கட்டுத்துவக்கு. இரும்புக் குழாயில் வெடிமருந்தும் ஈயமும் இரும்புத் துண்டும் அடைத்து, மரத்திலோ கட்டையிலோ கட்டி, விலங்கு நடக்கும் தடத்தைப் பார்த்து வாயைத் திருப்பி வைப்பார்கள். தடத்துக்குக் குறுக்கே ஒரு மெல்லிய நூல், அல்லது கம்பி. கால் தட்டினால் வெடிக்கும். பன்றிக்கும் மானுக்கும் வைத்த உயரம் மனிதனுக்கு முழங்கால், தொடை. டோர்ச் வெளிச்சத்தில் அந்த நூல் தெரியாது. வைத்தவன் அந்த நேரம் தன் வீட்டில் படுத்திருப்பான். தொடையின் பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே இரத்தம் வடிந்து உயிர் போய்விடும். சேனை ஓரங்களில்தான் இது அதிகம். காட்டுக்குள் நுழைகிறவன் முதலில் மிதிப்பதும் அந்த ஓரத்தைத்தான்.

கூட வருகிறவனின் துவக்கும் ஆபத்துதான். இருட்டில் மின்னும் கண்ணைக் குறிவைத்துச் சுடுகிறவனுக்கு, அந்தப் பற்றைக்குப் பின்னால் யார் குந்தியிருக்கிறார் என்று எப்படித் தெரியும்? யானையோ, வெடிச் சத்தம் கேட்டதும் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. நாட்டில் யானை தாக்கி ஆண்டுக்கு நூறு பேருக்கு மேல் சாகிறார்கள். பன்றிக்கு வைக்கும், தீனிக்குள் மறைத்த வெடியான ஹக்கபட்டாஸைக் கடித்துத் தாடை சிதறி, தின்ன முடியாமல் பல நாள் கிடந்து சாகும் யானைக்குட்டிகளின் நிலையை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

சுருக்குக் கம்பியும் அப்படித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பியில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை.

"நாங்கள் காட்டுக்குப் போகவில்லை, இறைச்சி மட்டும்தான் வாங்குகிறோம்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மரை வெடியில் விழுந்ததா, சுருக்கில் கழுத்து நெரிந்து செத்ததா? நெரிந்து செத்ததை ஹராம் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் பெயர் சொல்லியே தடுக்கிறது. பையில் கட்டி வரும் துண்டையோ வத்தலையோ பார்த்து பிஸ்மி சொன்னதை யார் கண்டுபிடிப்பது? சந்தேகமான சாமானுக்குக் காசும் கொடுத்து, அடுத்த சுருக்குக்குக் கம்பியும் வாங்கிக் கொடுக்கிறோம்.

அந்த இங்கினியாகலைக் காடு நமக்கு அந்நியமானதும் இல்லை. சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரேந்து காட்டைக் காக்கத்தான் 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா உண்டாக்கப்பட்டது. சம்மாந்துறை வயலுக்குப் பாயும் தண்ணீர் அங்கிருந்துதான் இறங்குகிறது.

யாராவது ஏற்கெனவே போய், வெடிபட்டுவிட்டால் வழக்குக்குப் பயந்து மறைக்க வேண்டாம். துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, கையை எடுக்காமல் அழுத்துங்கள். உடனே 1990க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். திரும்பும்போது குறுக்கு வழி தேடாமல், வந்த தடத்திலேயே வாருங்கள். பக்கத்தில் இன்னொரு துவக்கு கட்டியிருக்கலாம். கட்டுத்துவக்கைக் கண்டால் அதைக் கழற்றப் போகாமல் 119க்குச் சொல்லுங்கள்.