பேஸ்போர்டு ஹீட்டரை மாற்றினால் கரண்ட் பில் குறையுமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீட்டைச் சூடாக்க யாரும் காசு செலவழிப்பதில்லை. சித்திரை வெயில் அதை இலவசமாகவே செய்துவிடும். ஆனால் கனடாவின் மாண்ட்ரியலில் குடியேறிய நம்மவர்களுக்கு இது பெரிய செலவு. கியூபெக் மாகாணத்தில் நீர்மின்சாரம் மலிவு என்பதால் பெரும்பாலான வீடுகளில் மின்சார ஹீட்டர்தான். அதிலும் பேஸ்போர்டு அதிகம்: ஜன்னலுக்குக் கீழே, தரையை ஒட்டி நீளமாக இருக்கும் தகரப் பெட்டி. அதைக் கழற்றிவிட்டு, ஃபேன் வைத்த வால் ஹீட்டரைச் சுவரில் பதித்தால் பில் குறையுமா?

ஹீட்டரை மாத்துறதால மட்டும் குறையாதுங்க.

இரண்டும் நாம் வாளியில் போடும் ஹீட்டர் ராடு மாதிரிதான். மின்தடையில் கரண்ட் ஓடுது, சூடாகுது. உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிவிடும். 1500 வாட் பேஸ்போர்டு 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட். 1500 வாட் வால் ஹீட்டருக்கும் அதே 12 யூனிட்.

வித்தியாசம் வெப்பம் பரவும் விதத்தில்தான். பேஸ்போர்டில் சத்தமில்லை. சூடான காற்று தானாக மேலேறி, ஜன்னலிலிருந்து இறங்கும் குளிரை மறிக்கும். ஆனால் அறை மெதுவாகத்தான் சூடாகும். கட்டிலை ஒட்டிப் போட முடியாது. திரைச்சீலை மேலே பட்டால் தீ ஆபத்து. வால் ஹீட்டர் சீக்கிரம் சூடாக்கும், சுவரோரம் இடம் மிச்சம். பாத்ரூமுக்கு நல்லது. ஆனால் ஃபேன் சத்தம் உண்டு, தூசி துடைக்கணும், முன்னாடி எதையும் வைக்கக் கூடாது.

மாற்றுவதாக இருந்தால் வோல்டேஜைப் பாருங்கள். அங்கே வீட்டுக்குள் 120, 240 இரண்டும் வரும். பேஸ்போர்டு பெரும்பாலும் 240. அந்த ஒயரில் 120 வோல்ட் ஹீட்டரை மாட்டினால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு பவர் இழுக்கும். எரிந்துவிடும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை வைத்தே செய்யுங்கள்.

சரி, பில் எப்படித்தான் குறையும்? ஆள் இல்லாத அறையில் தெர்மோஸ்டாட்டைக் குறைப்பது, ஜன்னல் இடுக்குகளை அடைப்பது, முடிந்தால் ஹீட் பம்ப். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே கடத்துது. அதனால் மிதமான குளிரில் 1 யூனிட்டுக்கு 2, 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். கடுங்குளிரில் இது குறையும் என்பதால் பழைய பேஸ்போர்டைக் கழற்றாமல் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இது ஏதோ புது மெஷின் இல்லை. அரியலூர் வீட்டில் ஓடுகிற ஏசியைத் திருப்பி ஓட்டினால் அதுதான் ஹீட் பம்ப்.