விலாசம் தொலைந்த பொருள்கள்

சென்னைப் பட்டணத்து ஜனங்கள் ஒரு காலத்தில் எழும்பூர்ப் பொருட்காட்சி சாலைக்குச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர்க் காலேஜ்' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். வேடிக்கையாக வைத்த பெயர்தான். ஆனாலும் அதில் ஓர் அபிப்பிராயம் ஒளிந்திருக்கிறது. பழம் பொருள் என்றால் செத்த பொருள் என்பதே அது. புதுக்கோட்டைச் சீமையிலும் செட்டிநாட்டிலும் இரண்டு நாள் சுற்றி வந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அங்கே பழம் பொருள்கள் இன்னும் பிரயாணம் செய்துகொண்டிருக்கின்றன. சில, கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து அமர்ந்துவிட்டன. சில, கடை வாசலில் விலைக்கு நிற்கின்றன. இன்னும் சில, பூட்டிய வீட்டுக்குள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் காத்திருக்கின்றன.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். நடுவழியில் கிழவன் சேதுபதி 1687-இல் கட்டிய திருமயம் கோட்டை நிற்கிறது. புதுக்கோட்டைக்கு மறு பக்கத்தில், சுமார் 16 கிலோமீட்டரில், தாமரைத் தடாக ஓவியத்துக்குப் பேர்போன சித்தன்னவாசல். இவற்றைப் பார்ப்பதற்கென்று வருகிறவர்கள் அநேகர். ஆனால் சாலையின் இரு முனைகளிலும் உள்ள இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் குறைவு. ஒரு முனையில் திருக்கோகர்ணத்து மியூசியம். மறு முனையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள். இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் ஒரு விஷயம் தெளிவாகும்.

திருக்கோகர்ணம் புதுக்கோட்டை நகரின் ஓர் அங்கம். சமஸ்தான காலத்தில், 1910-இல், இங்கே மியூசியம் ஏற்பட்டது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்த பிறகு அது அரசாங்க மியூசியமாயிற்று. பாடம் செய்த மிருகங்கள், பூமிக்குள்ளிருந்து வந்த கற்கள், நாணயங்கள், சித்திரங்கள், சுற்றுப்புறக் கிராமங்களில் கிடைத்த ஜைன தீர்த்தங்கரர் சிலைகள் என்று பல வகை. பெரிய நகரத்து மியூசியங்களின் ஆடம்பரம் இங்கே இல்லை. அதனால் பார்க்கிறவனுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. கூட்டத்தின் தள்ளுமுள்ளு இல்லாமல் ஒரு சிலையின் முன் கால் மணி நேரம் நிற்கலாம். சீட்டில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு, மத்தியானத்துக்குள் அந்த ஊருக்கே போய்விடலாம்!

உதாரணமாக, அம்மன் காசை எடுத்துக்கொள்வோம். தொண்டைமான் மன்னர்கள் தங்களைப் பிரகதாம்பாளின் தாசர்கள் என்று சொல்லிக்கொண்டு, அவள் பெயரால் ஆண்டவர்கள். அவர்கள் வெளியிட்ட இந்தச் சிறு செப்புக் காசின் ஒரு பக்கத்தில் அம்மன் வீற்றிருக்கிறாள். மறு பக்கத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றிருக்கிறது. ஓர் அணாவுக்கு 20 காசு. நவராத்திரியில் அரிசியோடு இதையும் தானமாகக் கொடுப்பார்கள். காசில் இருக்கும் அம்மனுக்கு மியூசியம் இருக்கும் அதே திருக்கோகர்ணத்தில்தான் கோயில். காசைப் பார்த்த கையோடு அம்மனையும் தரிசித்து வரலாம். இப்படிப்பட்ட பாடத்தை எந்தப் புஸ்தகம் நடத்தும்?

இதைவிட ஆச்சரியமானது கருக்காக்குறிச்சி என்னும் கிராமத்தின் கதை. 1898-இல் அங்கே 501 ரோமாபுரிப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு இருந்தது. இந்த நாட்டில் அது நாணயமாகச் செல்லாது, பொன் என்ற அளவில்தான் மதிப்பு என்பதைக் காட்டவே அப்படி வெட்டினார்கள் என்பது அறிஞர்களில் பலர் கொண்ட கருத்து. ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் முகத்தை இவ்வளவு அலட்சியமாக நடத்திய தமிழ் வணிகனை நினைத்தால் நமக்கு ஒரு குதூகலம் உண்டாகத்தான் செய்கிறது. அந்தக் காசுகளில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அது வருத்தமே. ஆயினும், எந்த வருஷம், எந்த ஊரில், எத்தனை காசு என்பதை அன்றே ஒருவர் எழுதி வைத்தார். ஆகையால் அவை கடல் கடந்தும் ஊர் பெயரை இழக்கவில்லை. கருக்காக்குறிச்சி என்ற பெயர் உலகத்து நாணய ஆராய்ச்சியில் நிலைத்துவிட்டது.

இந்த நினைவோடு காரைக்குடிக்குப் போய் முனீஸ்வரன் கோயில் தெருவில் நுழைந்தால், முதலில் கண்கள் கூசும். பித்தளை அண்டாக்கள், அஞ்சறைப் பெட்டிகள், மரவைகள், கல் சட்டிகள், பல்லாங்குழிகள், குங்குமச் சிமிழ்கள், மரக்கால், படி, ஸ்வீடனிலும் ஜப்பானிலும் செய்த எனாமல் தூக்குகள், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடிகள். ரவிவர்மா 1894-இல் தொடங்கிய அச்சுக்கூடத்துப் படங்களின் வழிவந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் சுவரில் சாய்ந்திருப்பார்கள். எந்த வீட்டுப் பெண்மணியோ பொறுமையோடு உட்கார்ந்து லக்ஷ்மியின் புடைவைக்கு நிஜமான துணியும் ஜிகினாவும் ஒட்டியிருப்பாள். தெருவோரத்தில், இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க வேண்டிய பர்மாத் தேக்குத் தூண் ஒன்று படுத்திருக்கும்.

இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்பதற்குச் சரித்திரம் பதில் சொல்லும். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தி, அந்தச் செல்வத்தைக் கொண்டு சொந்த ஊரில் அரண்மனை போன்ற வீடுகள் கட்டினார்கள். பெண்ணுக்கு வைத்த சாமான்களைக் கலியாணத்தில் பரப்பிக் காட்டுவது அவர்கள் வழக்கம். 1942-இல் ஜப்பானியர் பர்மாவில் புகுந்தார்கள். யுத்தம் முடிந்து 1948-இல் நிலங்கள் தேசியமயமாயின. 1963-இல் வியாபாரமும் பாங்கிகளும் போயின. வீடு நின்றது, வருமானம் நின்றுவிட்டது. ஒரு பாட்டனாரின் வீட்டுக்குப் பல பங்காளிகள். அவர்களில் பலர் சென்னையிலும் சிங்கப்பூரிலும். மேல்தளம் ஒழுகினால் யார் ஓடு மாற்றுவது? முதலில் பாத்திரம் போகும்; பிறகு கதவும் நிலையும்; கடைசியில் தூண். 2014-இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறினால் ஓட்டை அடைபடுமா?

கடைக்காரர்களைக் குற்றம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது சுலபம். நாம் பேசிய ஒரு கடைக்காரர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"ஸார், நான் வாங்காவிட்டால் இந்த அண்டா உருக்குப் பட்டறைக்குப் போயிருக்கும். இப்பொழுது முழுசாகவாவது இருக்கிறது" என்றார்.

அது நியாயம்தான். அவர் காட்டிய ஒரு பித்தளைக் குடத்தின் கழுத்தில் மூன்று எழுத்துகள் வெட்டியிருந்தன. நகரத்தார் தங்கள் பெயருக்கு முன் வைக்கும் முன்னோர் எழுத்துகளுக்கு 'விலாசம்' என்று பெயர். பாட்டன், தகப்பன், மகன் எல்லாரும் அந்த எழுத்துகளில் அடக்கம்.

"இது எந்த ஊர், எந்த வீட்டு விலாசம்?" என்று கேட்டோம்.

"அதைக் கேட்காதீர்கள், ஸார். விற்கிறவர்கள் பேர் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார்கள். பித்தளைக்கு எடை போட்டு விலை கொடுத்தேன். எழுத்துக்கு விலை கிடையாது" என்றார்.

மியூசியத்துக்கும் கடைக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. மியூசியத்துப் பொருளுக்கு விலை தெரியாது, ஊர் தெரியும். கடைப் பொருளுக்கு விலை தெரியும், ஊர் தெரியாது. விற்கும் குடும்பத்தின் மானத்தைக் கடைக்காரர் காப்பாற்றுகிறார். அதை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மௌனத்தில் ஒரு வீட்டின் சரித்திரம் அழிகிறது. அழிவதோடு போகாமல், திருட்டுக்கும் அதே மௌனம் திரையாகிறது. பத்தூர் நடராஜர் லண்டன் வரைக்கும் போய், வழக்காடி, 1991-இல் திரும்பி வந்த கதையை நாடறியும். எந்த ஊர்ச் சிலை என்று நிரூபிக்க முடிந்ததால் அவர் வந்தார். நிரூபிக்க முடியாத தெய்வங்கள் எந்தச் செல்வர் வீட்டுக் கூடத்தில் நிற்கின்றனவோ!

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் 1976-இல் அமலுக்கு வந்தது. அதன்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், நாணயம் முதலியனவும், 75 வருஷத்துக்கு மேற்பட்ட, கலை அல்லது சரித்திர மதிப்புடைய சுவடிகளும் தொல்பொருள்கள். அவற்றை வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். தனி மனிதர் எவரும் அவற்றை அயல் நாட்டுக்கு அனுப்பக்கூடாது. ஆகவே, கடையில் ஒரு பல்லாங்குழியோ எனாமல் தூக்கோ வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். கோயிலைச் சேர்ந்ததாகத் தோன்றும் விக்கிரகத்தை யாரேனும் ரகசியமாக நீட்டினால், அந்தப் படியிலேயே திரும்பிவிட வேண்டும்.

ஆனால் சட்டம் திருட்டைத் தடுக்கலாம், மறதியைத் தடுக்காது. அதற்குத் தனி மனிதரின் பிடிவாதம் வேண்டும். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பிறர் வேண்டாமென்று கழித்த புஸ்தகங்களையும் பத்திரிகைகளையும் நோட்டீஸ்களையும் கூடத் தேடிச் சேர்த்தார். அவர் காலமான பின் அந்தத் திரட்டைச் சிக்காகோ சர்வகலாசாலை வாங்கியது. அப்படியும் அது கப்பலேறவில்லை. 1994-இல் அவர் பெயராலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. அதே செட்டிநாட்டுப் பாணியில் கட்டிய கீழடி மியூசியம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. அங்கே ஓர் உடைந்த ஓட்டுத் துண்டுக்கும் எந்தக் குழியில் கிடைத்தது என்ற கணக்கு உண்டு. உடைந்த ஓட்டுக்கு உள்ள மரியாதை நம் பாட்டியின் உடையாத குடத்துக்கு இல்லையே என்பதுதான் நம் ஆதங்கம்.

இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. பழைய பாத்திரத்தையோ பெட்டியையோ வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும், அது யாருடையது, எப்பொழுது வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று நாலு வரி எழுதி அதற்குள்ளேயே போட்டு வைக்கலாம். விற்கத்தான் வேண்டுமானால், பெயரை மறைத்துக்கொண்டு ஊரையும் காலத்தையும் மட்டுமாவது கடைக்காரரிடம் எழுதிக் கொடுக்கலாம். ஓலைச்சுவடியாக இருந்தால், எடைக்குப் போடாமல் அரசாங்கச் சுவடி நூலகத்துக்குக் கொடுக்கலாம்.

நம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு முறை இப்படி எழுதி வரச் சொன்னோம். முக்கால்வாசிப் பேர் கடையில் வாங்கியது என்று எழுதினார்கள். ஒரு பையன் எழுதியது மாத்திரம் இது: 'இந்தப் படியை எங்கள் கொள்ளுப் பாட்டி 1964-இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தபோது மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வேறு எதையும் கொண்டுவர விடவில்லையாம். இப்பொழுதும் இதில்தான் அரிசி அளக்கிறோம்.' அந்தச் சீட்டை மடித்துப் படிக்குள்ளேயே வைக்கும்படி அவனிடம் திருப்பிக் கொடுத்தோம்.